இணைய வேலைக்குப் போக 18,000 ரூபாய் கட்டிப் படிக்கணுமா?

#1 கல்லிடைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். ஊர் கல்லிடைக்குறிச்சி. பி.காம். முடித்து அம்பாசமுத்திரத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு வருஷம் இருந்தேன். இப்போது கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கிறேன். தெரிந்த அக்கா மூலம் ஒரு வேலை வருகிறது. தின்பண்டம் விற்கும் சின்ன நிறுவனம் ஒன்றுக்கு, பொருள் விவரத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி எக்செல்லில் ஏற்றி அனுப்ப வேண்டும். எல்லாம் வீட்டிலிருந்தே. அடுத்த மாதம் ஒரு வாரம் வேலை கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்களாம்.

பயம் வந்து, டவுனில் ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன். மூன்று மாதம், 42 பாடம், 18,000 ரூபாய், முடிவில் சான்றிதழ். பட்டியலில் பாதிப் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை. வீட்டுக்காரர், "அந்தக் காசுக்கு ஒரு பழைய லேப்டாப்பே வாங்கிரலாமே" என்கிறார். என் லேப்டாப் கல்லூரியில் வாங்கியது, திறக்கவே காபி ஆறிப்போகும்.

இணையத்தில் வேலை பார்க்கிறவர்கள் சொல்லுங்கள். உண்மையில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

#2 முக்குக்கடை

கட்டாதீங்க. அம்புட்டுதான்.

#3 பேட்டைத்தம்பி

அக்கா, அந்த 42 பாடத்தில் ஏஐ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மற்றதெல்லாம் பழைய கதை. பொருளின் படத்தைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்தால் விவரத்தை இரண்டு மொழியிலும் எழுதித் தந்துவிடும், எக்செல் ஃபார்முலாவும் அதுவே போடும். நீங்கள் மேற்பார்வை பார்த்தால் போதும்.

#4 தாழையூத்து

நான் ஆள் எடுக்கிறவள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எட்டு வருஷமாக வீட்டிலிருந்துதான் சோலி. இப்போது என்னோடு ஆறு பேர், தென்காசி, சேரன்மகாதேவி, களக்காடு என்று ஆளுக்கொரு ஊரில். மத்தளம்பாறையில் ஸோகோ வந்ததிலிருந்து நம் பக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை என்றாலே கோடிங் என்று ஒரு நினைப்பு. நான் கொடுக்கிற வேலையில் ஒரு வரி கோடிங் கிடையாது.

புதிதாக ஒருவர் வந்தால் சான்றிதழ் கேட்க மாட்டேன். ஒரு ஜிப் கோப்பு அனுப்புவேன், பல கோப்புகளைச் சுருக்கி ஒரே மூட்டையாகக் கட்டியது. உள்ளே மூன்று ஃபோல்டர், அதில் ஒன்றுக்குள் ஒரு வேர்ட் கோப்பு. இரண்டு வரி திருத்தி, நான் சொல்லும் பெயரில் சேமித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பத்து நிமிஷ வேலை. ஒரு தம்பி, என்ஜினியரிங் முடித்தவர், ஜிப்பைப் பிரிக்காமலே உள்ளே இருந்த கோப்பைத் திறந்து திருத்தினார். அப்படித் திறந்தால் அது தற்காலிகமாக வேறெங்கோ வைத்த ஒரு நகல். அதில் எழுதியது ஜிப்புக்குள் போகாது. அவர் மூடினார், பழைய ஜிப்பையே எனக்குத் திருப்பி அனுப்பினார், "திருத்திட்டேன் அக்கா" என்றார். பொய் சொல்லவில்லை, பாவம். அவர் திருத்தியது உண்மைதான், எங்கே திருத்தினோம் என்று அவருக்கே தெரியாது. இன்னொரு பெண் திருத்திய பக்கத்தைத் திரையோடு ஃபோனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள்.

ஃபோனில் வளர்ந்த பிள்ளைகளுக்கு "இது எங்கே இருக்கிறது?" என்ற கேள்வியே வந்ததில்லை. கேலரியைத் திறந்தால் படம் இருக்கும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் அடுக்களை மாதிரி. உளுந்து டப்பா எது, பருப்பு டப்பா எது என்று தெரியாமல் அடுப்பைப் பற்றவைத்து என்ன பிரயோசனம்? அதனால் கல்லிடைத் தங்கச்சி, முதலில் இதைச் செய்யுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, உள்ளே கிடப்பதையெல்லாம் ஒரு நாள் உட்கார்ந்து அதது இடத்துக்கு மாற்றுங்கள். கட், காப்பி, பெயர் மாற்றுவது, ஜிப் பிரிப்பது, பிடிஎஃப் ஆக்குவது எல்லாம் அந்த ஒரே நாளில் கைக்கு வந்துவிடும்.

கோப்புக்குப் பெயர் வைப்பது அதைவிட முக்கியம். "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் இதுதான்" என்றெல்லாம் எனக்கு வந்திருக்கிறது. தேதியை வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் முன்னால் போடுங்கள். 2025-03-04 என்று. பெயர்வரிசையில் அடுக்கினாலே காலவரிசையாக வந்து நிற்கும். இன்னொரு லாபமும் உண்டு. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுகிறவர்கள். ஒருவர் 03/04-க்குள் வேண்டும் என்று எழுதியிருந்தார். நான் ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொண்டு ஆற அமர இருந்தேன். அவர் கேட்டது மார்ச் 4. அன்றைக்கு முழுக்க மன்னிப்பு மெயில் எழுதியே பொழுது போனது.

#5 ரெமிங்டன்

பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்தினவன் நான். இப்போது மிஷின் எல்லாம் மாடியில் தூசி தின்கிறது. அம்மா கல்லிடை, தமிழில் எழுதும் வேலை என்கிறாய். எதில் அடிக்கிறாய்?

#6 கல்லிடைக்காரி

அண்ணாச்சி, ஃபோனில் கூகுள் விசைப்பலகை. லேப்டாப்பில் ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறுமே, அது. ஆடிட்டர் அலுவலகத்தில் பாமினி எழுத்துரு. அங்கே அடித்து வைத்த சில கடிதங்களை மாதிரிக்காக எடுத்து வந்தேன். மெயிலில் ஒட்டினால் எல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

#7 ரெமிங்டன்

கெடவில்லை. அது பிறந்ததே அப்படித்தான்.

பாமினியில் "தமிழ்" என்று அடித்தால் கோப்புக்குள் கிடப்பது ஆங்கில ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. பாமினி எழுத்துரு ஜே-க்குத் த-வின் சட்டையையும், கே-க்கு ம-வின் சட்டையையும், பி-க்கு இகரக் கொக்கியையும் மாட்டிவிடுகிறது. எழுத்துரு இல்லாத இடத்துக்குப் போனால் சட்டை கழன்றுவிடும். எல்லா மொழிக்கும் பொதுவான யுனிகோடில் த என்றால் கோப்புக்குள்ளும் த-தான், அதற்கென்று தனி எண் உண்டு. எந்த ஃபோனிலும் தெரியும், தேடினாலும் அகப்படும். இணையத்தில் அனுப்பும் வேலைக்கு யுனிகோடு மட்டும்தான். பழைய கடிதங்களை மாற்றித்தர இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை முழுக்கப் படித்துப் பார். கொக்கியும் கொம்பும் அங்கங்கே இடம் மாறியிருக்கும்.

விசைப்பலகைக்கு வருகிறேன். தமிழ் 99 பழகு. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசை அமைப்பு. உயிரெழுத்து இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். "அம்மா" என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு. இரண்டு ம சேர்ந்து வந்தால் முதல் ம-வுக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் அடிக்கிறவர்கள் ஒவ்வொரு சொல்லையும் மனதுக்குள் ஆங்கிலமாக்கி, அப்புறம் தமிழாக்கி, ணகரமா னகரமா என்று திரையைப் பார்த்துக்கொண்டே அடிப்பார்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் திரையையும் பார்க்க மாட்டார்கள், விசையையும் பார்க்க மாட்டார்கள். தினம் அரைமணி நேரம் உட்கார். மூன்று வாரத்தில் விரல் கேட்கும்.

#8 பேட்டைத்தம்பி

அண்ணாச்சி, குரலில் சொன்னாலே டைப் ஆகிறது. எதற்கு மூன்று வாரம்?

#9 ரெமிங்டன்

குழந்தை தூங்கும்போது எப்படிச் சொல்லுவாய் தம்பி?

#10 பத்தமடை

எக்செல்லைப் பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன், காணோம். நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

மகளிர் குழுக்களின் விவரத்தை ஏற்றும் வேலை. 340 பேர். பெயர், ஆதார், வங்கிக் கணக்கு எண். நானும் என் தங்கையும் மூன்று இரவு உட்கார்ந்து ஏற்றினோம். ஆதார் எண் பன்னிரண்டு இலக்கமா, அடித்தவுடன் எக்செல் அதைச் சுருக்கி நடுவில் ஒரு புள்ளியும் கடைசிப் பக்கம் ஆங்கில ஈ-யும் போட்டுக் காட்டியது. கட்டத்தை அகலமாக்கியும் மாறவில்லை. எண் வடிவத்தை மாற்றியதும் முழுதாகத் தெரிந்தது. சரி, தீர்ந்தது என்று விட்டுவிட்டோம்.

கணக்கு எண்ணில்தான் குடி கெட்டது. சில வங்கிகளில் கணக்கு எண் பதினாறு இலக்கம். எக்செல் ஒரு எண்ணில் பதினைந்து இலக்கம்தான் நினைவில் வைக்கும். பதினாறாவது எதுவாக இருந்தாலும் பூஜ்யமாக்கிவிடும். சத்தமே இல்லாமல், ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல். இன்னும் சில எண்களுக்கு முன்னால் இருந்த பூஜ்யமும் போய்விட்டது. அனுப்பி நாலு நாள் கழித்து, "என்னம்மா, பாதிப் பேர் கணக்கு பூஜ்யத்தில் முடிகிறது?" என்று போன். எங்களிடம் இருந்த படிவங்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மறுபடி வாங்கி, மறுபடி அடித்து, கூலி பாதி.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு எழுத்தும் அடிக்கும் முன்னால் அந்தப் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து "டெக்ஸ்ட்" என்று மாற்றிவிடுங்கள். கூட்டிக் கழிக்காத எண் எதுவும் எண்ணே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோன், பின்கோடு, ஆதார், கணக்கு எல்லாம் எழுத்துதான். 18,000 ரூபாய்க்கு இதைச் சொல்லித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

#11 பேட்டைத்தம்பி

இதற்குத்தான் ஏஐ வேண்டும் என்கிறேன். கோப்பைக் கொடுத்தால் தப்பைக் கண்டுபிடித்துச் சொல்லும்.

#12 பத்தமடை

பூஜ்யமாய்ப் போன இலக்கம் என்னவாக இருந்தது என்று அதற்கு யார் சொல்லுவார்? அதோடு, 340 பெண்களின் ஆதாரையும் கணக்கு எண்ணையும் கொண்டுபோய் அதில் ஒட்டச் சொல்கிறீர்களா?

#13 தாழையூத்து

தம்பியை ரொம்பவும் ஓட்டாதீர்கள். நானும் ஏஐ பயன்படுத்துகிறேன். ஒரு ஃபார்முலா புரியவில்லை என்றால் தமிழில் விளக்கச் சொன்னால் பொறுமையாகச் சொல்கிறது. என் ஆட்களிடம் அந்தப் பொறுமை எனக்கே கிடையாது. ஆனால் அது எழுதித் தருவதைப் படித்து இது சரி, இது தப்பு என்று சொல்ல நமக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பில் "கரண்ட் அக்கவுண்ட்" என்பதைத் "தற்போதைய கணக்கு" என்று போட்டிருந்தது. வங்கிக்குப் போய் வருகிற எந்த அண்ணாச்சியைக் கேட்டாலும் நடப்புக் கணக்கு என்பார். என் ஆளில் ஒருவர் அதை அப்படியே அனுப்பிவிட்டார். அப்புறம், வாடிக்கையாளர் தகவலை அதில் ஒட்டுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். பத்தமடை சொன்னது நூற்றுக்கு நூறு.

#14 சிந்துபூந்துறை

நகல் எடுத்து வைப்பதைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே.

2023 டிசம்பர் 17, 18. மழை பேய்ந்த வேகத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட் குளமாகக் கிடந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீடு ஆற்றங்கரைக்குப் பக்கம். இருட்டில் அம்மாவையும் கேஸ் சிலிண்டரையும் மாடிக்கு ஏற்றத்தான் நேரம் இருந்தது. லேப்டாப் கட்டிலுக்கடியில் பெட்டியில், ஹார்டு டிஸ்க்கும் அதே பெட்டியில். மூன்று வருஷ வேலையை ஒழுங்காக நகல் எடுத்து, அசலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்த புத்திசாலி நான். தண்ணீர் வடிந்ததும் பெட்டியைத் திறந்தேன், உள்ளே தாமிரபரணி வண்டல்.

பிழைத்தது, கூகுள் டிரைவில் தற்செயலாகக் கிடந்த ஒரு ஃபோல்டர். மேகம் கொட்டிப் போனது போக, மேகத்தில் (இணையக் 'கிளவுடில்') வைத்தது மிஞ்சியது என்று நண்பன் கேலி செய்தான். சிரிக்க முடியவில்லை.

இப்போது மூன்று இடம். லேப்டாப்பில் ஒன்று, டிரைவில் ஒன்று, தென்காசியில் மதினி வீட்டில் ஒரு டிஸ்க். அதை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் புதுப்பிக்கிறேன், குற்றால சீசனில் அடிக்கடி. டிரைவில் இருந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். லேப்டாப்போடு இணைத்து வைத்திருந்தால் இங்கே அழித்தது அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் கிடக்கும்.

#15 காரையாறு

கடவுச்சொல் எல்லாரும் சொல்லுவார்கள், நான் ஓடிபி கதை சொல்கிறேன். என் மெயிலுக்கு அப்பா நம்பர் கொடுத்திருந்தேன், வீட்டில் அப்போது அந்த ஒரு சிம்தான். ஆடி அமாவாசைக்கு அப்பா சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்விட்டார். அன்றைக்குப் பார்த்து மெயில் என்னை வெளியே தள்ளி, நம்பருக்கு எண் அனுப்பியிருக்கிறேன் என்றது. காட்டுக்குள் சிக்னல் ஏது? இரண்டு நாள் அய்யனாரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம், சிக்னல் இல்லாமலே ஃபோனில் நுழைவு எண் காட்டும் அங்கீகார செயலி ஒன்றைப் போட்டு, அதுவும் கைவிட்டால் நுழைவதற்கு மெயில் தரும் அவசர எண்களைத் தாளில் அச்செடுத்து பீரோவில் வைத்திருக்கிறேன். வேலைக்கான மெயிலுக்கு உங்கள் நம்பர், உங்கள் ஃபோன் மட்டும்.

#16 வள்ளியூர்

வேலை வருகிறது என்று சொன்னதால் கேட்கிறேன், அந்த நிறுவனம் உங்களிடம் பதிவுக் கட்டணம் ஏதாவது கேட்டதா?

எனக்கு நடந்தது. படிவம் நிரப்பும் வேலை, ஐந்து நாளில் 600 படிவம். ஒப்பந்தத்தில் கையெழுத்து. முடித்து அனுப்பினால், துல்லியம் 98 சதவீதம் இல்லை, ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், 6,500 கட்டு, இல்லையென்றால் வழக்கு என்று வாட்ஸ்அப்பில் வக்கீல் நோட்டீஸ். சிங்க முத்திரை, சிவப்பு மை எல்லாம் இருந்தது. பயந்து கட்டிவிட்டேன். மறுபடி 9,000 கேட்டபோதுதான் உறைத்தது. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அடித்திருந்தால் பணத்தை வழியில் நிறுத்திப் பார்த்திருப்பார்கள். நான் அடித்தது பதினொரு நாள் கழித்து. வீட்டில் சொல்ல வெட்கம்.

#17 கல்லிடைக்காரி

இல்லை அண்ணா, காசு எதுவும் கேட்கவில்லை. அந்த அக்கா அங்கேயே ஒரு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறார். பயிற்சி நிலையத்துக்குப் போகவில்லை என்று முடிவு செய்துவிட்டேன். லேப்டாப்?

#18 முக்குக்கடை

இதற்குத்தான் காத்திருந்தேன், சர்வீஸ் கடைக்காரன் நான். பழைய லேப்டாப் வாங்கினால் இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசஸருக்குக் கீழே வாங்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதற்கு முந்திய பிராசஸரில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. ரேம் 8 ஜிபி. உங்களுடையதே எட்டாம் தலைமுறை என்றால், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டாலே காபி ஆறாது. அமைப்புகளில் "அபவுட்" போய்ப் பிராசஸர் எண்ணை இங்கே போடுங்கள், சொல்கிறேன். வை-ஃபை ரூட்டருக்கு ஒரு குட்டி யூபிஎஸ் வாங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும், ரூட்டர் செத்துக் கிடக்கும்.

#19 தாழையூத்து

ஒன்று விட்டுப்போனது. மாட்டிக்கொண்டால் கேட்கத் தெரிய வேண்டும். "அக்கா, வரலை" என்று மட்டும் காலையில் எழுதிவிட்டு மத்தியானம் வரை பதிலுக்குக் காத்திருக்கிற ஆட்கள் உண்டு. எது வரவில்லை? என்ன செய்தீர்கள், என்ன வருமென்று நினைத்தீர்கள், என்ன வந்தது? திரையில் சிவப்பில் வந்த வரியை அப்படியே ஒட்டுங்கள். பாதி நேரம் அப்படி எழுதும்போதே விடை தெரிந்துவிடும், என்னிடம் கேட்கவே வேண்டாம்.

#20 கல்லிடைக்காரி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எடுத்துக்கொண்டார்கள்!

எஸ்எஸ்டி, ரூட்டர் யூபிஎஸ் இரண்டும் சேர்த்து 18,000-இல் கால்வாசிகூட ஆகவில்லை. முதல் நாளே வந்த சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல்) எக்செல்லில் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ-யும் வட்டத்துக்குள் ஆரும். முன்னால் என்றால் அழுதிருப்பேன். தாழையூத்து அக்கா சொன்ன மாதிரி என்ன செய்தேன், என்ன வந்தது என்று எழுத ஆரம்பித்தேன். எழுதும்போதே பாமினி சட்டை ஞாபகம் வந்தது. எழுத்து கெடவில்லை, எக்செல் தப்பான சட்டையை மாட்டுகிறது. கோப்பை நேராகத் திறக்காமல் "டேட்டா" பக்கம் போய் உள்ளே எடுத்து, 65001 என்று இருக்கும் யுனிகோடைத் தேர்ந்தெடுத்தேன். அத்தனையும் தமிழ். தமிழ் 99 இன்னும் பைய பையத்தான் போகிறது, ழ-வைத் தேடுகிறேன்.

இப்போது ஒரு சிக்கல். எள் சேர்த்த பண்டம் மொத்தம் 14. எக்செல்லில் "எள்" என்று தேடினால் 11 வரிதான் வருகிறது. வராத மூன்றும் நிறுவனத்தின் பழைய பட்டியலிலிருந்து வந்தவை. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. முன்னாலோ பின்னாலோ இடைவெளி இல்லை, பார்த்துவிட்டேன். ஒரு வரியை அப்படியே ஒட்டுகிறேன்:

௭ள்ளுருண்டை, 200 கிராம், கருப்பட்டி சேர்த்தது

#21 ரெமிங்டன்

முதல் எழுத்து எ இல்லையம்மா. அது தமிழ் எண் ஏழு. எழுத்துருவைப் பெரிதாக்கிப் பார், எ-வுக்கும் அதற்கும் நூலளவுதான் வித்தியாசம், சில எழுத்துருவில் அதுவும் தெரியாது. யாரோ எ அகப்படாமல் அதைத் தட்டியிருக்கிறார்கள். துணைக்காலுக்குப் பதில் ர போட்ட சொற்களும் அந்தப் பட்டியலில் கிடக்கும், தேடு.

#22 கல்லிடைக்காரி

ஐயோ, மூன்றுமே ஏழுதான் அண்ணாச்சி. துணைக்காலுக்கு ர போட்டது ஆறு இடம். எல்லாம் மாற்றி, தேதியை முன்னால் போட்டு அனுப்பிவிட்டேன்.

#23 பேட்டைத்தம்பி

அண்ணாச்சி, தமிழ் 99 பழக எங்கே ஆரம்பிக்கணும்?

#24 ரெமிங்டன்

அம்மாவில் ஆரம்பி. அ, ம, ம, ஆ.